காலையில் ஒரு சொட்டு

அட்லாண்டிக் கடல், கப்பலிலிருந்து
14 பிப்ரவரி 1993

அன்பு மச்சான் நபுவாக்காவுக்கு, மௌரி, வணக்கம்.

நான் நலம். கிளம்பும்போது விமானத் திடலில் நீ கையில் திணித்த குழிச்சேம்பு வற்றலை இன்ஜின் அறையில் இருக்கும் நம் தீவுக்காரர் மூன்று பேருமாகப் பத்தே நாளில் தீர்த்துவிட்டோம். ஜெர்மன் சமையல்காரன் காலை, மதியம், மாலை என்று உருளைக்கிழங்கையே அவித்துப் போடுகிறான். அதைத் தின்று தின்று எனக்கும் உருளைக்கிழங்கின் நிறம் வந்துவிடும் போலிருக்கிறது.

உன் தங்கை தெரேத்தியாவின் கடிதம் போன துறைமுகத்தில் கிடைத்தது. மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறாள். கல்யாணமாகி ஆறு வருஷம், மச்சான். அந்த ஆறு வருஷமும் என் அம்மா வாயில் அவள் பட்ட பாடு உனக்கே தெரியும். கடிதத்தைப் படித்துவிட்டு பாய்லருக்குப் பின்னால் போய்ச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். பிரசவம் பார்க்கும் போத்திகா அக்கா வாரம் ஒரு முறை வந்து பார்ப்பதாகவும் எழுதியிருந்தாள். மருத்துவ நிலையத்தில் நீ இருக்கிறாய் என்பது எனக்குப் பெரிய தைரியம்.

இன்னொரு விஷயம். இதை ரேடியோத் தொலைபேசியில் கேட்க முடியாது. தலைநகர் தாராவாவிலிருந்து நம் தீவு வரை எல்லா ஊரும் ஒட்டுக் கேட்கும். என்னோடு வேலை செய்கிற ஒருவனுக்கு ஒரு தொல்லை. நம் ஊர்க்காரன்தான், பெயர் வேண்டாம். காலையில் எழுந்ததும் குறியின் நுனியில் ஒரு சொட்டு நிற்கிறதாம். நீர்த்த கஞ்சி மாதிரி. உள்ளாடையில் பட்டால் காய்ந்து விறைப்பாகிறது. சிறுநீர் போகும்போது லேசாக அரிப்பு. வலி என்று சொல்ல முடியாது. பகலில் ஒன்றும் இல்லை. இன்ஜின் சூட்டினால் என்கிறான் ஒருவன், தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் என்கிறான் இன்னொருவன். பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன் கனமான வால்வைத் தனியாகத் தூக்கினால் இப்படி ஆகும் என்று அடித்துச் சொல்கிறான்.

அவனுக்கு என்ன சொல்லட்டும்? அடுத்த கடிதத்தில் இரண்டு வரி எழுது.

உன் வீட்டாருக்கும் படகுக்கும் என் விசாரிப்பு.

என்றும் உன்
உரியாம்

*

நூகாதோவா மருத்துவ நிலையம், கிரிபட்டி
17 மார்ச் 1993

மௌரி மச்சான்,

கடிதம் வியாழக்கிழமை விமானத்தில் வந்தது. இங்கே மழையே இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கிவிட்டது. தெரேத்தியா நன்றாக இருக்கிறாள். காலையில் மட்டும் மீன் வாசனை ஒத்துக்கொள்ளவில்லையாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போனால் எனக்குச் சுட்டுத்தான் போடுகிறாள். உன் அம்மா அவளை இப்போது விறகு தூக்க விடுவதில்லை. தலைகீழ் மாற்றம்.

உன் நண்பன் விஷயம். இந்த நிலையத்தில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இப்படி ஒரு தொல்லையோடு வந்த ஆண்களில் பாதிப் பேர் நண்பனுக்காகத்தான் வந்தார்கள். போன மாதம்கூட ஒருவர் ஒரு மணி நேரம் நண்பனைப் பற்றிப் பேசிவிட்டு, கடைசியில் வேட்டியை அவிழ்த்தார். அதனால் நான் யார் என்று கேட்பதை விட்டுவிட்டேன். என்ன என்று மட்டும் கேட்பேன்.

சூடு, தண்ணீர், வால்வு எல்லாவற்றையும் கடலில் போடச் சொல். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் மஞ்சளாகும், எரியலாம். கஞ்சி மாதிரி சொட்டாது. ஆணுக்குக் குறியிலிருந்து வருவதெல்லாம் நோய் என்றும் நினைக்க வேண்டாம். ஆசை வரும்போது தெளிவாக, வழுவழுப்பாகக் கசிவது எல்லோருக்கும் உள்ளது. முன்தோலுக்கு அடியில் வெள்ளையாகச் சேர்வது கழுவாத அழுக்கு, தண்ணீர் போதும். ஆனால் ஆசையும் இல்லாமல், தானாக, நாள்தோறும் வருவது வேறு. அது பெரும்பாலும் ஒட்டுகிற நோய். பெண்ணிடமிருந்து ஆணுக்கும், ஆணிடமிருந்து பெண்ணுக்கும் போவது.

அவனிடம் இதைக் கேள். இதற்கு முன் எப்போதாவது கெட்டியாக, மஞ்சளாகச் சீழ் வந்ததா? கண்ணாடித் துண்டு போவது போல எரிந்ததா? ஏதாவது துறைமுகத்துக்குப் போய் மூன்று நாள், ஐந்து நாள் கழித்து? அப்போது யாராவது கொடுத்த மாத்திரையை விழுங்கினானா, எத்தனை? அப்படி வந்திருந்தால் அது வெட்டை நோய். பெரும்பாலும் அதோடு கூடவே இன்னொன்றும் தொற்றும், கிளமீடியா என்று பெயர். அது ஓசையில்லாமல் வரும். அரைகுறை மருந்தில் முதலாவது ஓடிப்போனாலும் இரண்டாவது தங்கிவிடும். மாதக்கணக்கில் கிடந்துவிட்டு மெலிதாகத் தலைகாட்டும். சில ஆண்களுக்கு ஒன்றுமே தெரியாது.

அடுத்த துறைமுகத்தில் மருத்துவரிடம் போகட்டும். பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பார்ப்பார்கள், ஒரு நொடி முகம் சுளிக்க வைக்கும், அவ்வளவுதான். மருந்து முழுவதையும் சாப்பிடட்டும். சொட்டு நின்றதும் நிறுத்தினால் மறுபடி ஆரம்பத்தில் இருந்து.

கடைசியாக ஒன்று. உன் நண்பனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சீழ் வந்ததற்குப் பிறகு அவன் விடுமுறையில் வீட்டுக்குப் போனானா? போயிருந்தால் அவன் மனைவிக்கும் மருந்து வேண்டும். அவளுக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, அதனால் அவளாக வரமாட்டாள். அவள் கர்ப்பமாக இருந்தால் இன்னும் அவசரம். பிறக்கும்போது குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அது போகும்.

சீக்கிரம் பதில் எழுது.

உன்
நபுவாக்கா

*

வடகடல் துறைமுகம் ஒன்றிலிருந்து
15 ஏப்ரல் 1993

மச்சான்,

மௌரி சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. அந்த நண்பன் நான்தான்.

நீ கேட்டதெல்லாம் அப்படியே நடந்தது. போன வருஷம் ஜூலையில் சான்தோஸ் துறைமுகத்தில் நான்கு நாள் நின்றோம். குடித்திருந்தேன் என்று எழுதினால் அது சமாதானம் ஆகிவிடும். குடித்திருந்தேன், ஆனால் நடந்து போகிற அளவுக்குத் தெளிவாகத்தான் இருந்தேன். அங்கிருந்து கிளம்பிய நான்காம் நாள் மஞ்சளாக வந்தது. சிறுநீர் கழிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெட்டியில் மருந்து வைத்திருந்த ஒருவன் பத்து மாத்திரை கொடுத்தான். நான்கு சாப்பிட்டேன். நின்றுவிட்டது. மீதி ஆறை இன்னொருவனுக்குக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு.

செப்டம்பரில் ஊருக்கு வந்து நவம்பர் கடைசி வரை இருந்தபோது ஒன்றும் இல்லை, மச்சான். உலர்ந்து சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு இருந்திருந்தாலும் அவளைத் தொட்டிருக்க மாட்டேன். இதை நீ நம்ப வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்த மறுநாள் இங்கே மாலுமிகளுக்கான மருத்துவரிடம் போனேன். பெண் மருத்துவர், நம் அம்மாக்கள் வயது. நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் தட்டெழுத்து அடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே எழுதினார், முகம் மாறவே இல்லை. பஞ்சுக் குச்சி நீ சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமான நொடி. இரண்டு நாள் கழித்து அந்த இரண்டாவது பெயரைத்தான் சொன்னார். ஒரு ஊசி, ஏழு நாள் மாத்திரை. ஏழு நாளும் சாப்பிட்டேன். ஆறாம் நாள் காலையில் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்படியும் ஏழாம் நாளுக்கு உள்ளதை விழுங்கினேன்.

மனைவி இருக்கிறாளா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்தது.

இப்போது உன் காலில் விழுகிறேன். போத்திகா அக்கா தெரேத்தியாவுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறாள் அல்லவா, அதோடு சேர்த்து இந்த மருந்தையும் கொடுத்துவிடு. குழந்தைக்கு நல்லது என்று சொன்னால் கேள்வி கேட்காமல் சாப்பிடுவாள். ஆறு வருஷம் கழித்து வந்த சந்தோஷம். அதை நான் கெடுக்க வேண்டாம். உனக்கும் அவள் தங்கைதானே.

உரியாம்

*

நூகாதோவா
10 மே 1993

உரியாம்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நிலையத்தைப் பூட்டிக்கொண்டு படகை எடுத்துக் களப்புக்குப் போனேன். தூண்டில் போடவில்லை. வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். உன்னை அடிக்க முடியாத தூரத்தில் நீ இருப்பது நம் இருவருக்குமே நல்லது. ஏழாம் நாள் மாத்திரையையும் விழுங்கினாய், அது சரி. நீ மருத்துவரிடம் போனதும் சரி. அதற்குமேல் உன்னைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

நீ கேட்டதைச் செய்ய மாட்டேன்.

நீ சாப்பிட்ட மாத்திரை கர்ப்பிணிக்குக் கூடாது. அவளுக்கு வேறு மருந்து, ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஏழு நாள். இருபத்தெட்டு வேளை. வயிற்றைப் புரட்டும். இரும்பு மாத்திரை என்று சொல்லி இருபத்தெட்டு வேளை விழுங்க வைக்க உன் மனைவி ஒன்றும் கோழிக்குஞ்சு இல்லை. இரண்டாம் நாள் வாந்தி வந்ததும், குழந்தைக்கு ஆகவில்லை என்று நிறுத்திவிடுவாள். ஏன் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தவள்தான் வாந்தி எடுத்துவிட்டும் சாப்பிடுவாள். நீ நான்கு மாத்திரையோடு நிறுத்தினாயே, அதே கதைதான்.

இன்னொன்று. டிசம்பரில் நீ ஊருக்கு வந்து, மருந்து சாப்பிடாத ஒருத்தியோடு படுத்தால் உனக்குத் திரும்ப வரும். அப்போது அது அவளிடமிருந்து வந்தது என்று சொல்வாய். இப்படி நடந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் மருத்துவ உதவியாளன் சொல்வது. அண்ணன் சொல்வது வேறு. அவளுக்குப் பன்னிரண்டு வயதானதிலிருந்து இந்த மாதிரிப் பேச்சு நடக்கிற இடத்தில் நானும் அவளும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. ஊர் கூடும் மனியாபா மண்டபத்தில் கிழவர்கள் கொச்சையாகச் சிரிக்க ஆரம்பித்தால் அவள் எழுந்து போவாள், அவள் எழாவிட்டால் நான் எழுந்து போவேன். உனக்கும் தங்கைகள் இருக்கிறார்கள். உன் புருஷன் உனக்கு இன்னது கொடுத்திருக்கிறான் என்று நான் எப்படி அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்? போத்திகாவிடம் சொல்லலாம். ஆனால் அது நீ என்னிடம் நம்பிச் சொன்னது. இந்த நிலையத்தில் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொன்னேன் என்று பேர் வந்தால், நாளைக்கு ஒருத்தரும் உள்ளே வரமாட்டார்கள்.

ஆகவே நீதான் எழுத வேண்டும். அவளுக்கு. உன் கையால். சுற்றி வளைக்காமல். பிரசவம் ஆகஸ்ட் தொடக்கம் என்கிறாள் போத்திகா. குழந்தை பிறந்ததும் கண்ணில் களிம்பு போடுவோம், ஆனால் இந்த நோய்க்குக் களிம்பு மட்டும் போதாது. தாயைக் குணப்படுத்த வேண்டும். ஜூலையில் வரும் முதல் விமானம் வரை பார்ப்பேன். அதற்குள் உன் கடிதம் வராவிட்டால் ஊர் வழக்கம், ரகசியம் இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு போத்திகாவை அனுப்பிவிடுவேன்.

அவளுக்கு அடிவயிறு அவ்வப்போது இழுக்கிறதாம். போத்திகா பார்த்துவிட்டு சாதாரண வலிதான் என்றாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு மருந்து அலமாரியை அடுக்குகிறவன் மாதிரி நின்றேன்.

நபுவாக்கா

*

கப்பலிலிருந்து
4 ஜூன் 1993

மச்சான்,

இதனுள் இன்னொரு உறை இருக்கிறது. அவளுக்கு. ஐந்து முறை எழுதிக் கிழித்து ஆறாவது முறை எழுதியது. ஒட்டவில்லை. நீ படித்துப் பார், ஏதாவது தவறாக எழுதியிருந்தால் அடித்துவிட்டுக் கொடு. என் அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடு.

உன்மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு நாள் உன் கடிதத்தை எண்ணெய்த் துணிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். பிறகு எடுத்துப் படித்தேன். கோழிக்குஞ்சு என்று நீ எழுதியிருந்த இடத்தில் எனக்குத் தலை குனிந்துவிட்டது. அவளை நான் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

நான் மாத்திரை கொடுத்தேனே, அந்த ஆளையும் தேடிப் பிடித்துச் சொன்னேன். வேறு கப்பலில் இருக்கிறான், ஒரே துறைமுகத்தில் சேர்ந்தோம். முதலில் சட்டையைப் பிடித்தான். பிறகு எந்தத் தெருவில் மருத்துவர் என்று கேட்டான்.

அவள் போய்விடுவாளா, மச்சான்? உனக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். கேட்காமலும் இருக்க முடியவில்லை.

உரியாம்

*

நூகாதோவா
9 ஜூலை 1993

உரியாம்,

உன் உறை ஜூன் இருபத்தெட்டாம் தேதி சிறப்பு விமானத்தில் வந்தது. தாராவாவிலிருந்து பாதிரியார்கள் வந்தார்கள், அவர்களோடு தபாலும். நான் அதைப் படிக்கவில்லை. பசை வைத்து ஒட்டினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அன்று காலையிலேயே கொண்டுபோனேன். உன் அம்மா சர்ச்சுக்குப் பாய் பின்னப் போயிருந்தார்கள். தெரேத்தியா சேம்புக் குழி ஓரத்தில் இலை உரம் போட்டுக்கொண்டிருந்தாள், அந்த வயிற்றோடு. கையைக் கழுவிவிட்டு வாங்கினாள். அங்கேயே உட்கார்ந்து படித்தாள். நான் கொஞ்ச தூரம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். காகிதம் மடிகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. "நீ போ அண்ணா" என்றாள். போனேன்.

பிற்பகல் நிலையத்துக்கு வந்தாள். ஒருவர் காலில் மீன்முள் குத்திச் சீழ் வைத்திருந்தது, அதைக் கட்டிக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் பெஞ்சில் முறை வருகிறவரை உட்கார்ந்திருந்தாள். அவர் நொண்டிக்கொண்டு போனதும் எழுந்து வந்து என் எதிரில் நின்றாள்.

"இதப் படிச்சியா?"

"இல்ல."

"ஆனா என்ன இருக்குன்னு தெரியும்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

மே மாதத்திலிருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதானே நீ ஒப்புக்கொண்ட கடிதம் வந்தது. ஆனால் உண்மை அது இல்லை, மச்சான். முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரியும். தெரியாதவன் போல உன் நண்பனுக்குப் பதில் எழுதினேன். நண்பனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று வேறு கேட்டேன். "மார்ச்லேர்ந்து" என்றேன்.

அவள் விரலை மடக்கி எண்ணினாள்.

"மார்ச்சு, ஏப்ரல், மே, ஜூன். நாலு மாசம். அத்தனை ஞாயித்துக்கிழமையும் எங்க வீட்ல உக்காந்து மீன் சாப்பிட்டிருக்க."

அண்ணன் தங்கை மரியாதை, நோயாளி ரகசியம் என்று நான் எதையோ ஆரம்பித்தேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மரியாதைன்னு சொல்லாத அண்ணா. போத்திகா அக்கா வாரா வாரம் வந்தாங்க. ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கலாம். என் ஒடம்பப் பத்தி நீங்க ரெண்டு பேரும் கடல் தாண்டிக் கடுதாசி போட்டுக்கிட்டிருந்தீங்க. எனக்கு மட்டும் யாரும் எழுதல."

பிரசவம் ஆகஸ்டில்தானே என்று உனக்கு ஜூலை வரை கெடு கொடுத்து எழுதினேன். நேரம் இருக்கிறது என்று எனக்கும் சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் முழுவதும் அது அவளுக்குள் இருந்தது. நீ உன் அம்மாவுக்குப் பயந்தாய், நான் ஊருக்குப் பயந்தேன். நான் அதற்கு மரியாதை என்று பேர் வைத்தேன். உனக்கு மே மாதம் எழுதிய கடிதத்தில் பெரிய நீதிமான் மாதிரி எழுதியிருக்கிறேன். அதைக் கிழித்துப் போட்டுவிடு.

"மருந்து எங்க?" என்றாள்.

போத்திகாவைக் கூப்பிட்டேன். இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். நான் வெளியே மழைத்தொட்டி அருகில் நின்றேன். போத்திகா வெளியே வந்து, முன்பே தெரிந்திருந்தால் அந்த வயிற்று வலியை வேறு மாதிரி பார்த்திருப்பேன் என்றாள். அதை மட்டும்தான் சொன்னாள்.

இருபத்தெட்டு வேளையும் முடித்துவிட்டாள். இரண்டாம் நாளும் நான்காம் நாளும் வாந்தி. வாந்தி எடுத்த வேளைக்கு மறுபடி ஒன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வலி நின்றிருக்கிறது.

அன்று மாலையே ஒரு பாயும் ஒரு பெட்டியுமாக எங்கள் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். உன் அம்மா பின்னாலேயே வந்து, நான் என்ன சொல்லிவிட்டேன், என்ன குறை வைத்தேன் என்று அழுதார்கள். தெரேத்தியா அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று சொல்லி அனுப்பினாள். உன்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நீ நன்றாக நினைவில் வை.

போய்விடுவாளா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது. என்னோடும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என் வீட்டிலேயே சாப்பிடுகிறேன்.

நபுவாக்கா

*

கப்பலிலிருந்து
30 ஜூலை 1993

நபுவாக்கா,

படித்தேன். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சொல்லும் இடத்தில் நான் இல்லை.

அவளிடம் எனக்காக எதுவும் கேட்காதே, எதுவும் பேசாதே. குழந்தை பிறந்ததும் இரண்டே விஷயம் எழுது. தாய் எப்படி, குழந்தையின் கண் எப்படி. வேறு எதையும் நான் இப்போது எதிர்பார்க்கவில்லை.

இங்கே வேலை நடக்கிறது. கை தானாகச் செய்கிறது.

உரியாம்

*

நூகாதோவா
18 ஆகஸ்ட் 1993

மௌரி உரியாம்,

உன் கடிதம் இன்னும் வந்து சேரவில்லை, எழுதியிருக்கிறாயா என்றும் தெரியாது. இருந்தாலும் நீ என்ன கேட்பாய் என்று தெரியும்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வாக்கில் பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தாய் நலம். போத்திகாவும் எங்கள் அம்மாவும் உள்ளே இருந்தார்கள். எனக்கு வெந்நீர் போடுகிற வேலை.

பிறந்தவுடன் போத்திகா கண்ணில் களிம்பு போட்டாள். ஆனால் இந்த நோய் கண்ணில் தெரிய வேண்டுமானால் ஐந்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ஆகும். அதனால் நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் என்றால் மூன்று பேர். வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் விடிந்ததும் நான் போவேன். தெரேத்தியா குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து காட்டுவாள். நான் இமையைப் பிரித்துப் பார்ப்பேன். சிவப்பு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, சீழ் இருக்கிறதா. பிறகு மார்பில் காதை வைத்து மூச்சைக் கேட்பேன். ஒன்றும் இல்லை என்பேன். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போவாள். எட்டாம் நாள் இடது கண் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. போத்திகாவைக் கூப்பிட ஓடினேன். போத்திகா வெந்நீரில் துடைத்துவிட்டு, தாய்ப்பால் தெறித்துக் காய்ந்தது என்றாள். அன்றைக்கு மட்டும் மூன்று தடவை போனேன்.

நேற்று பதினான்காம் நாள். கண் இரண்டும் தெளிவு. வலைக்குள் மாட்டிய மீனைப் பார்ப்பதுபோல என்னையே உற்றுப் பார்த்தது. மூச்சிலும் குறை இல்லை. இன்னும் சில வாரம் இருமல் வருகிறதா என்று பார்ப்போம், ஆனால் எனக்குப் பயம் போய்விட்டது. தெரேத்தியாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். பிறகு, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஏழு வாரத்தில் அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. சாப்பிட்டிருந்தேன், ஆனாலும் இல்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஜூலையிலிருந்து நிலையத்தில் ஒரு வழக்கத்தை மாற்றியிருக்கிறேன். நண்பனுக்காக வருகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு சீட்டும் கொடுக்கிறேன், மனைவியிடம் கொடுக்க. பெயர் இல்லை, நோயின் பெயர்கூட இல்லை. இதைக் கொண்டு வருகிறவருக்கு இன்ன மருந்து, போத்திகா காரணம் சொல்வாள் என்று மட்டும். எட்டுச் சீட்டு கொடுத்ததில் ஐந்து திரும்பி வந்தன. போத்திகா எதிர்பார்த்ததைவிட அதிகம்.

உனக்கு எழுதப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். இந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தாள். கீழே இடம் விடச் சொன்னாள்.

உன்
நபுவாக்கா

உரியாம்,

அண்ணன் கடிதத்தின் அடியில் எழுதுகிறேன். தனியாக ஒரு தாள் எடுத்து எழுத இன்னும் மனம் வரவில்லை.

பெயர் மிரியா. உங்களைக் கேட்காமல் நானே வைத்துவிட்டேன். காது உங்கள் அம்மாவுடையது. அவர்கள் தினமும் வந்து குளிப்பாட்டுகிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மன்னிப்புக் கேட்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். சான்தோஸில் என்ன நடந்தது, எந்த மருந்து சாப்பிட்டீர்கள் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் எனக்கு உதவியது. அதை பிப்ரவரியில் எழுதியிருந்தால் ஒன்றரைப் பக்கம் தேவைப்பட்டிருக்காது.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்ததும் வாருங்கள். குழந்தையைப் பாருங்கள். மருத்துவர் மறுபடி சோதித்து எழுதித் தரும் தாளையும் கொண்டுவாருங்கள். என் பாயில் இடம் உண்டா என்று இப்போது கேட்க வேண்டாம். எனக்கே இன்னும் தெரியவில்லை.

அதுவரை எழுதுங்கள். அண்ணனுக்கு அல்ல, எனக்கு. உடம்பைப் பற்றியானாலும், வேறு எதைப் பற்றியானாலும். எனக்குப் படிக்கத் தெரியும்.

தெரேத்தியா